அமெரிக்காவில் ஒரு பொங்கல் பானை

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, பொறியியல் படித்தவன் பாலம், பம்ப் என்று ஏதாவது எழுதுவான் என நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது சர்க்கரைப் பொங்கலைப் பற்றி! நியூ ஜெர்சியில் எங்கள் பானையில் விழும் அரிசிக்கும் வெல்லத்துக்கும் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1946-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 இந்தியர்தான் அங்கே குடியேறலாம். நூறு பேரை நம்பி யார் வெல்லம் இறக்குமதி செய்வார்? நியூயார்க்கில் கலுஸ்டியன் என்ற ஆர்மீனியர் 1944-ல் தொடங்கிய மளிகைக் கடை, பிற்பாடு நம்மவர்களுக்குப் பருப்பும் மசாலாவும் விற்றது.

1965-ல் சட்டம் மாறியது. டாக்டர்களும் என்ஜினீயர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். ஆள் சேர்ந்ததும் கடை வந்தது. 1974-ல் சிகாகோ டெவான் அவென்யூவில் குஜராத்திச் சகோதரர்கள் படேல் பிரதர்ஸ் கடையைத் திறந்தார்கள். 1977-ல் நியூயார்க் ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனாலும் எல்லா ஊரிலும் கடை இல்லை.

எழுபதுகளில் வந்த நம் கல்லூரி சீனியர் ஒருவர் சொன்னார்: "பச்சரிசிக்குப் பதிலா கலிஃபோர்னியா அரிசி, வெல்லத்துக்குப் பதிலா பிரவுன் சுகர். அதுக்காகப் பொங்கலை விட்டுட முடியுமா தம்பி?"

பிரவுன் சுகர் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் கழிவுப்பாகைத் திரும்பக் கலந்தது. வெல்லமோ பாகைப் பிரிக்காமல் கரும்புச் சாற்றையே காய்ச்சி இறுக்கியது. அதனால்தான் ருசி ஒட்டவில்லை. மெக்சிகோக்காரர் கடையில் 'பிலோன்சியோ' என்று கூம்பு கூம்பாக ஒன்று விற்கிறார்கள். செய்முறை நம் வெல்லம்தான், பெயர்தான் வேறு.

இதெல்லாம் பழங்கதை என்றுதான் எங்கள் தலைமுறை நினைத்திருந்தது. 2023 ஜூலை 20 அன்று, உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தது. இங்கே இந்தியக் கடைகளில் வரிசை நின்றது. எங்கள் பக்கத்துக் கடையில் குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். தடை நீங்கியது 2024 செப்டம்பரில். நடுவில் பொங்கல் வந்ததே, என்ன செய்வது? சீனியர் சொன்ன கலிஃபோர்னியா அரிசியைத்தான் வாங்கினோம். கொஞ்சம் ஒட்டும் ரகம், பொங்கலுக்கு நன்றாகவே குழைந்தது. வெல்லம் மெக்சிகோ, கரும்பு சீனர் கடை. பால் பொங்கியது, பிள்ளைகள் தட்டைத் தட்டி "பொங்கலோ பொங்கல்" என்று கூவினார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் வெளிநாடு போவீர்கள். கடையில் எல்லாம் கிடைக்கும், ஆனால் எப்போதும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். புறப்படுமுன் அம்மாவிடம் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அரிசி எவ்வளவு குழையணும், பாகு எந்தப் பதம், நெய் எப்போது விடணும். பக்குவம் கையில் இருந்தால் பொருளை எந்த நாட்டுக்காரர் கடையிலும் தேடிப் பிடித்துவிடலாம். நமக்கு முன்னே போனவர்கள் பண்டிகையைக் காப்பாற்றியது அப்படித்தான்.