ஒரு முட்டை, இரண்டு பன்மை

1490-ல் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட ‘எனெய்டோஸ்’ நூலின் முன்னுரையில் ஒரு முட்டைத் தகராறு வருகிறது. தேம்ஸிலிருந்து ஜீலாந்துக்குக் கிளம்பிய வணிகர்கள், காற்று இல்லாததால் வழியில் கரையிறங்கிச் சாப்பாடு தேடுகிறார்கள். ஷெஃபீல்ட் என்பவர் ஒரு வீட்டுக்காரம்மாவிடம் ‘எக்கெஸ்’ கேட்கிறார். அந்தம்மா, தனக்கு ஃபிரெஞ்சு தெரியாதே என்கிறார். ஷெஃபீல்டுக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவருக்கும் ஃபிரெஞ்சு தெரியாது! கூட வந்தவர் ‘எய்ரன்’ வேண்டும் என்றதும்தான் விஷயம் புரிகிறது.

இரண்டுமே முட்டைகள்தான், இரண்டுமே ஆங்கிலம்தான். ‘எக்’ வைக்கிங்குகளோடு வந்த வடக்கத்திச் சொல். ‘எய்ரன்’ தெற்கின் பழைய சொல். எதை அச்சில் ஏற்றுவது என்று காக்ஸ்டன் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.

பழைய ஆங்கிலத்தில் பன்மைக்கு ஒரே விகுதி கிடையாது. ‘அஸ்’ சேரும் பெயர்கள் ஒரு கூட்டம், ‘அன்’ சேருபவை இன்னொன்று. சிலவற்றில் உள்ளே உயிரெழுத்து மாறும். ஃபுட், ஃபீட் ஆவது அப்படித்தான். ஷீப் மாறவே மாறாது. ‘அஸ்’ஸின் வாரிசான ‘எஸ்’ வடக்கிலிருந்து பரவியது. தெற்கில் ‘என்’ ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது; கண்கள் ‘ஐயன்’, செருப்புகள் ‘ஷூன்’. கடைசியில் ஜெயித்தது ‘எஸ்’.

பள்ளிக்கூடத்தில் ‘விதிவிலக்கு’ என்று நாம் மனப்பாடம் பண்ணும் பட்டியலை இப்போது பாருங்கள். மேன், டூத், மவுஸ், கூஸ், ஆக்ஸ், சைல்ட். எல்லாமே வீடும் தொழுவமும் சார்ந்தவை. தினமும் வாயில் புழங்கியதால் பழைய பன்மை தேயாமல் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். விதியை மீறியவை இல்லை இவை, அதைவிட மூத்த விதிகளின் மிச்சம்.

எனக்குப் பிடித்தது ‘சில்ட்ரன்’. ‘சில்டர்’ என்பதே குழந்தைகள்தான். அந்த ‘ர்’ பன்மை என்பது மறந்துபோனதும், மேலே ஒரு ‘என்’ ஒட்டிவிட்டார்கள். நாமும் இதைச் செய்திருக்கிறோம். ‘அவர்’ ஒருகாலத்தில் பலரைக் குறித்த சொல். அது ஒருவருக்கு மரியாதையாக மாறியதும், பலருக்காக ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ ஆக்கினோம்.

எய்ரனும் அதே மாதிரி இரட்டைப் பன்மைதான்: எய், ர், என். அந்தம்மாவின் முட்டை தோற்றுப்போனது. அதே அச்சில் வார்த்த குழந்தைகள் மட்டும் பிழைத்துக்கொண்டார்கள்.