மூன்று அரசியரும் ஓர் அம்மைத் தழும்பும்

பழைய ஓவியங்களில் அணிமணிகளையும் பட்டாடைகளையும் கண்டு வியந்து, அப்பால் செல்வது நம் வழக்கம். அவற்றில் இருப்போர் யாவர், எதற்காகத் தீட்டப்பெற்றனர் என்று வினவுவோர் சிலரே. அங்ஙனம் வினவியதால் வெளிப்பட்ட வரலாறு ஒன்றை நம் சங்கத்து அன்பர்கட்குக் கூற விழைகின்றேன்.

அயர்லாந்து நாட்டவரான தாமஸ் ஹிக்கி, பின்னர் 1824-இல் சென்னையில் மறைந்த ஓவியர். அவர் 1805-ஆம் ஆண்டையொட்டி மூன்று பெண்மணிகளை ஒரே ஓவியத்தில் தீட்டினார். நெடுங்காலம் இம்மூவரும் ஆடல் மகளிர் என்றே எண்ணப்பட்டனர். வரலாற்றறிஞர் நைஜல் சான்சலர் ஆராய்ந்து, இவர்கள் மைசூர் அரசகுலத்தினர் என்னும் கருத்தை வெளியிட்டார்.

வலப்புறம் உள்ள இளம்பெண் சேலைத் தலைப்பை ஒதுக்கி இடது புயத்தைக் காட்டுகின்றார். அரசகுலப் பெண்டிர் அயலார் முன் தோன்றுவதே அரிதாயிருந்த காலம் அது. அவ்வாறிருக்கப் புயத்தை விலக்கிக் காட்டுவானேன்? அம்மை குத்திய இடத்தைக் காட்டவே என்பது சான்சலரின் முடிபு. அவர் கருத்துப்படி, இப்பெண் 1805-இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை மணந்த தேவஜம்மணி. இடப்புறம் இருப்பவர் மூத்த அரசி. அவர் மூக்கையும் வாயையும் சுற்றிக் காணும் நிறமாற்றம், அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதும் பழைய முறையின் அடையாளமாம். நடுவில் இருப்பவர் மன்னரின் பாட்டியார் இலட்சுமி அம்மணி.

இலட்சுமி அம்மணியார் எளியவர் அல்லர். ஐதர், திப்பு ஆகியோர் காலத்தில், இழந்த அரியணையைத் தம் குலத்திற்கு மீட்கப் பல்லாண்டு முயன்றவர். 1799-இல் திப்பு வீழ்ந்தபின், ஐந்து வயதுச் சிறுவரான கிருஷ்ணராஜர் அரியணை ஏறினார். மீண்ட குலத்தை வைசூரி கொள்ளை கொண்டுவிடலாகாது என்னும் கவலை மூதாட்டிக்கு இருந்திருத்தல் இயல்பே.

ஜென்னர் 1796-இல் கண்ட புதுமுறையில், பசுவின் அம்மையிலிருந்து பெற்ற பால் பயன்பட்டது. அது 1802 ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் ஆன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு முதலில் பலித்தது. இருப்புப் பாதையும் பனிக்கட்டிப் பெட்டியும் இல்லாத காலமாதலின், அப்பாலை நெடுந்தொலைவு கொண்டு செல்வது அரிதாயிருந்தது. எனவே ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்தின் நீரை ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுத்து அடுத்தவர் கையில் குத்தினர். வழிநெடுக எஞ்சின் மாற்றி வண்டியைச் செலுத்துவது போல, கைக்குக் கை மாறி அது ஊர்கடந்தது. அவ்வாறு சுமந்தோருள் மிகப் பலர் ஏழைக் குழந்தைகள்.

யாரோ ஒருவர் உடலிலிருந்து வருவதைத் தம் உடலில் ஏற்க மக்கள் அஞ்சினர். சாதி வேற்றுமையும் குறுக்கே நின்றது. அத்தகைய காலத்தில் அரசியே முன்வந்து குத்திக்கொண்டதால் மக்கள் துணிவு பெற்றனர் என்பதற்குக் கும்பினியார் ஏடுகளில் சான்று உண்டு என்கின்றார் சான்சலர். கும்பினியார்க்கும் இதில் தம் புகழ் வளர்க்கும் நோக்கம் இருந்திருக்கும்; ஆயினும் உயிர்கள் பிழைத்தன என்பது மெய்.

இந்தியாவில் 1975-உடன் வைசூரி ஒழிந்தது. 1980-இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நம்முள் மூத்தோர் புயங்களில் அம்மை குத்திய தழும்பு இன்றும் உண்டு. இளையோர்க்கு அது தேவையற்றுப் போயிற்று. அரசியர்க்கு ஓவியம் எஞ்சியது. கைக்குக் கை அம்மைப்பாலைச் சுமந்த எண்ணற்ற குழந்தைகட்கு ஓவியமும் இல்லை, பெயரும் இல்லை. அவ்வரசி காட்டும் புயத்தை நோக்குங்கால், அதற்குப் பின்னால் நீண்டு நிற்கும் அச்சிறு கைகளையும் நாம் நினைவிற் கொள்வோமாக.