பத்தில் ஒரு பங்கு: பினாங்கு கடைத்தெருவின் உணவும் கதிரியக்க வரம்புகளும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் இன்று லிட்டில் இந்தியா என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் பகுதியைப் பழைய தலைமுறைத் தமிழர் கடைத்தெரு என்றே அழைத்தனர். மார்க்கெட் ஸ்திரீட்டிலும் குயின் ஸ்திரீட்டிலும் உள்ள மளிகைக் கடைகளின் சரக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்: துவரம்பருப்பு, உளுந்து, கொண்டைக்கடலை, காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம், வெங்காயம், பால்மாவு, நெய். இவற்றுள் மலேசிய மண்ணில் விளைந்தது என்று கைகாட்ட அநேகமாக எதுவும் இல்லை. தெருவின் சமையல் முழுவதும் கப்பலில் வந்திறங்குகிறது.

அணுவுலை விபத்துக்குப் பின் உணவில் கதிரியக்கத்தைத் தவிர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு நமக்குக் கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை விபத்து நடந்த ஊரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தோட்டத்துக் கீரையைப் பறிக்காதே, மேயும் மாட்டின் பாலைக் குடிக்காதே, காட்டுக் காளானைத் தொடாதே என்பன அவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு, அங்கு விளைந்ததை விலைக்கு வாங்கி உண்பவருக்கு இந்த அறிவுரைகளால் பயன் இல்லை. அவருடைய முதல் காவல் துறைமுகத்தில் இருக்கிறது. அங்கே கையாளப்படும் வரம்பெண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் அனுமானம் கடைத்தெருவின் சாப்பாட்டுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அடிப்படை. விபத்துக்குப் பின் உணவில் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் மூன்று: அயோடின்-131, சீசியம் (134, 137), ஸ்ட்ரான்சியம்-90. அயோடினின் அரைவாழ்வு 8 நாள். மூன்று மாதத்தில் ஏறத்தாழ மறைந்துவிடும். சீசியம்-137க்கு 30 ஆண்டு. ஸ்ட்ரான்சியம் எலும்பில் தங்கும். அயோடின் புல்லில் படிந்து, மாட்டு மடி வழியாகக் குழந்தையின் தைராய்டு சுரப்பியை அடையும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியபோது சுற்றுவட்டாரத்துப் பாலைக் கொட்டச் செய்ததற்கு இதுவே காரணம். 1986 ஏப்ரல் 26இல் செர்னோபிலில் விபத்து நேர்ந்தபின் சோவியத் கிராமங்களில் அப்படிச் செய்யத் தாமதமாயிற்று. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வந்த தைராய்டு புற்றுநோய்க்குப் பாலே முக்கியப் பாதை.

நெடுந்தொலைவில் இருப்பவருக்கு அயோடினால் பெரிய இடர் இல்லை. சரக்கு ஏறி, கடல் கடந்து, கிடங்கில் கிடந்து, கடைக்கு வருவதற்குள் அதன் பெரும்பகுதி அழிந்துவிடும். எஞ்சி வருவது சீசியம். இந்த வேறுபாடு தெரியாததால்தான் 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுவுலை விபத்துச் செய்தி வந்ததும் சீனத்தில் மக்கள் உப்புக் கடைகளை மொய்த்தார்கள். தைராய்டைக் காக்க வயது வந்தவருக்குத் தரப்படும் அயோடின் அளவு 100 மில்லிகிராம். அதை அயோடின் சேர்த்த உப்பில் பெற வேண்டுமானால் ஒரே மூச்சில் கிலோக்கணக்கில் உப்பைத் தின்ன வேண்டும். அப்படித் தின்றாலும் சீசியத்துக்கு அது மருந்தாகாது.

செர்னோபிலுக்குப் பின் உலக உணவு வணிகம் நடந்துகொண்ட விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். 1986 மே மாத இறுதியில் ஐரோப்பியச் சமூகம் இறக்குமதி உணவுக்குச் சீசிய வரம்பு வகுத்தது: பாலுக்கும் குழந்தை உணவுக்கும் கிலோவுக்கு 370 பெக்கரல், மற்றவற்றுக்கு 600. ஒரு பெக்கரல் என்பது விநாடிக்கு ஓர் அணுச்சிதைவு. தன் வாயிலைக் காத்துக்கொண்ட ஐரோப்பாவின் பின்வாசல் வழியாக வெளியேறிய சரக்கைப் பற்றி ஆசிய நாடுகள் கவலைப்படக் காரணம் இருந்தது. போலந்துப் பால்மாவில் கதிரியக்கம் இருப்பது 1987இல் வங்கதேசத்தில் பெரும் சர்ச்சையாயிற்று. பவேரியாவில் ஆயிரக்கணக்கான டன் மோர்த்தெளிவுத் தூள் சீசியம் ஏறித் தேங்கியது. அதில் ஒரு பகுதி எகிப்துக்குப் புறப்பட்ட நிலையில் ஜெர்மனியிலேயே ரயில் பெட்டிகளில் மறிக்கப்பட்டது.

இந்தியாவில் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அயர்லாந்திலிருந்து நன்கொடையாக வந்த 200 டன் வெண்ணெயைப் பம்பாய்ப் பால் விநியோகத்தில் சேர்ப்பதை எதிர்த்து வழக்கு. நீதிமன்றம் எம்.ஜி.கே. மேனன், பி.கே. ஐயங்கார், ஜி.வி.கே. ராவ் ஆகிய மூவரைக் கொண்ட குழுவிடம் கருத்துக் கேட்டது. வெண்ணெய் உண்ணத்தக்கதே என்று குழு சொல்ல, 1988இல் வழக்கு தள்ளுபடியானது. முடிவில் பிழை காண எனக்குக் காரணம் இல்லை. சீசியம் நீரில் கரைவது, கொழுப்பில் ஒட்டாதது. பாலைக் கடைந்தால் அது மோரோடு போய்விடும். வெண்ணெயில் மிகச் சிறிதே நிற்கும், உருக்கிய நெய்யில் அதனினும் குறைவு. பவேரியாவில் மோர்த்தெளிவுத் தூள் மாட்டிக்கொண்டதும் இதே காரணத்தால்தான். பால் பொருள்களில் மிகவும் ஐயத்துக்கு இடமற்ற ஒன்றின்மேல் நாட்டின் பெரிய வழக்கு நடந்தது. பால்மாவின் மேல் நடந்திருந்தால் சட்டத்துக்கும் அறிவியலுக்கும் மிகுந்த பயன் விளைந்திருக்கும்.

இத்தகைய குழப்பங்களின் விளைவாக, பன்னாட்டு உணவு வணிகத்துக்கான கோடெக்ஸ் அமைப்பு 1989இல் பொது வழிகாட்டு அளவுகளை வெளியிட்டது. 2006இல் அவை திருத்தப்பட்டன. சீசியத்துக்குக் கிலோவுக்கு 1000 பெக்கரல்; குழந்தை உணவுக்கும் அதுவே. இது பரிந்துரைதான்; நாடுகள் தத்தம் சட்டத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். ஆனாலும் ஒரு சரக்கு எல்லை கடக்கத் தகுமா என்ற வாதம் எழும்போதெல்லாம் மேசைக்கு வருவது இந்த எண்தான்.

அது வந்த வழி இது. வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 550 கிலோ உணவு உண்கிறார். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 கிலோ, மாசுபட்ட பகுதியிலிருந்து இறக்குமதியாகிறது. அந்த 55 கிலோவும் வரம்பை எட்டியிருந்தால் உடலுக்குள் செல்வது 55,000 பெக்கரல். உடல் ஏற்கும் கதிர்வீச்சு அளவைத் தரும் சீசியம்-137க்கான கெழுவால் பெருக்கினால் ஏறத்தாழ 0.7 மில்லிசீவர்ட், ஏற்கத்தக்க 1 மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கணக்கில் பிழை இல்லை. எல்லாம் அந்தப் பத்தில் ஒரு பங்கின்மேல் நிற்கிறது. அந்தப் பங்கு ஒரு நாடு முழுவதற்குமான சராசரி. ஒரு தெருவுக்கோ ஒரு சமூகத்துக்கோ தனியாகக் கணக்கிட்டது அன்று.

கடைத்தெருவுக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். நறுமணப் பொருள்கள் போலச் சிறிதளவே உண்ணப்படுபவற்றுக்கு வரம்பைப் பத்து மடங்கு உயர்த்தலாம் என்கிறது கோடெக்ஸ். அதாவது 10,000 பெக்கரல். மிளகாயும் மல்லியும் சீரகமும் சேர்ந்த மசாலாத் தூளை ஒருவர் நாளைக்கு 10 கிராம் உண்பதாகக் கொள்வோம். சாம்பாரும் மீன்கறியும் மாறிமாறிச் சமைக்கும் வீட்டில் இது மிகையன்று. ஆண்டுக்கு 3.65 கிலோ, வரம்பளவில் 36,500 பெக்கரல். பருப்பு நாளைக்கு 50 கிராம், ஆண்டுக்கு 18.25 கிலோ, உலர்ந்த பருப்பிலேயே 1000 எனக் கொண்டால் 18,250 பெக்கரல். இரண்டும் சேர்ந்து 54,750. ஒருவரின் ஓராண்டு முழு உணவுக்கும் ஒதுக்கிய பங்கு மசாலாவிலும் பருப்பிலும் மட்டுமே தீர்ந்துவிடுகிறது. அரிசி, பால், வெங்காயம், கருவாடு எதுவும் இன்னும் கணக்கில் ஏறவில்லை.

எல்லாச் சாக்கும் ஒரே மாசுபட்ட பகுதியிலிருந்து, அதுவும் வரம்பின் உச்சத்தில் வருமா என்று கேட்கலாம். வருவது அரிது, சராசரியை நம்புவோரின் வலுவான பதிலும் அதுதான். ஆனால் அந்தப் பதில் எங்கே தளர்கிறது என்றால், இத்தெருவின் சரக்கு உலகெங்கிலுமிருந்து சம அளவில் வருவதில்லை. பழக்கம், சுவை, உறவு, வணிகத் தொடர்பு எல்லாம் சேர்ந்து அதை ஓரிரு நாடுகளோடு பிணைத்துள்ளன. தென்னிந்தியாவில் கல்பாக்கமும் கூடங்குளமும் இயங்குகின்றன. அங்கே விபத்து நிகழும் வாய்ப்பு மிகச் சிறியது என்றே கொள்வோம். நிகழ்ந்தால், மலேசியாவின் மொத்த உணவில் தென்னிந்தியச் சரக்கின் பங்கு கடுகளவு என்று கோலாலம்பூர்க் கணக்கு சொல்லும். குயின் ஸ்திரீட்டில் வாங்கிச் சமைப்பவரின் தட்டில் அது கடுகளவாக இராது. 1986க்குப் பின் நார்வேயில் கலைமான் இறைச்சியை நம்பி வாழ்ந்த சாமி மக்களுக்கு நேர்ந்தது இதுவே. தேசியச் சராசரியில் ஒன்றுமில்லாத உணவு அவர்களுக்கு அன்றாட உணவாக இருந்தது.

ஜப்பான் இந்த இடத்தில் நேர்மையாகக் கணக்கிட்டது. 2012 ஏப்ரல் முதல் அங்கே பொது உணவுக்கு வரம்பு 100 பெக்கரல், பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10. பொது உணவில் பாதி மாசுபட்டது என்றும், பாலும் குழந்தை உணவும் முழுவதுமே மாசுபட்டவை என்றும் எடுத்துக்கொண்டதால் வந்த எண்கள் அவை. அறிவியல் ஒன்றே, உண்பவர் யார் என்பது முதலான அனுமானங்கள் மாறியதும் வரம்பு பத்தில் ஒன்றாகிறது.

மலேசிய சுகாதார அமைச்சு கைகட்டி இருந்தது என்று சொல்ல முடியாது. 2011இல் ஜப்பானியச் சரக்குக்குக் கட்டுப்பாடு விதித்து 2013 மார்ச்சில் நீக்கியது. 2023 ஆகஸ்டில் ஃபுக்குஷிமா உலையில் தேங்கிய நீரை ஜப்பான் கடலில் விடத் தொடங்கியபோது, அதிக இடருள்ள ஜப்பானிய உணவை நுழைவாயிலில் நிறுத்தி, சோதித்து, பிறகு விடுவிக்கும் நான்காம் நிலைச் சோதனையை அறிவித்தது. ஆனால் சாக்குச் சரக்கு கடைக்கு வந்தபின் நேர்வதை யாரும் பின்தொடர்வதில்லை. அடைத்து விற்கும் இறக்குமதி உணவில் பிறந்த நாடு அச்சிடப்பட்டிருக்கும். சாக்கைப் பிரித்து, நம் கண்ணெதிரே நிறுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பருப்பில் அது இல்லை. சாக்கின் வாயில் தைத்த சீட்டு குப்பைக்குப் போனதும் சரக்கின் ஊரும் போய்விடுகிறது.

சமையலறைக்குச் செய்ய எதுவும் இல்லையா? உண்டு, ஆனால் சிக்கனம் கற்ற தமிழ்க் கைக்கு அது எளிதாக வராது. கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் மஞ்சள் சேர்த்தாலும் கதிரியக்கம் சாகாது. சீசியத்தை நீரோடு வெளியேற்றத்தான் முடியும். கீரையையும் காளானையும் வெந்நீரில் போட்டு அந்த நீரைக் கொட்டினால் கணிசமான பகுதி போகும். அரிசியில் சீசியம் தவிட்டில்தான் மிகுதி. தீட்டிய அரிசியில் குறைவு, களைந்து வடித்த சோற்றில் இன்னும் குறைவு. ஆனால் வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குடிப்பதும், கழுநீரையும் தவிட்டையும் மாட்டுக்கு வைப்பதும், கீரை வெந்த நீரை ரசத்தில் சேர்ப்பதும் நம் வழக்கம். வெளியேற்றியதை வேறு வழியில் உள்ளே கொண்டுவரும் வழக்கம் அது. மின்சோற்றுப் பானை வந்தபின் வடிப்பதும் நின்றது. இறைச்சிச் சீசியம் சூப்பில் இறங்கும். ஸ்ட்ரான்சியத்துக்கு அஞ்ச வேண்டிய இடங்கள் ஆட்டுக்கால் சூப்பும், முள்ளோடு மெல்லும் நெத்திலியும். பால்மாவில் இன்னொரு சிக்கல் உண்டு: கோடெக்ஸ் அளவு கரைத்த பாலுக்கு உரியது. ஒரு கிலோ மாவு ஏறத்தாழ எட்டு லிட்டர் பாலாகும் என்பதால், மாவிலேயே 8000 பெக்கரல் இருந்தும் அது வரம்புக்குள் நின்றுவிடும்.

கையடக்கக் கதிர்க்கருவி வாங்கிக் கடைகளில் நீட்டிப் பார்க்கலாம் என்று சிலர் எண்ணுவர். வீண் செலவு. துவரம்பருப்பில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம்-40 கிலோவுக்கு 400 பெக்கரலுக்கு மேல் தரும். பால்மாவிலும் ஏறத்தாழ அவ்வளவே. அது விபத்தின் விளைவன்று, உடலுக்குத் தேவையான பொட்டாசியத்தோடு கூடவே இருப்பது. ஜப்பானிய வரம்பான 100 பெக்கரல் சீசியத்தை அதனிடமிருந்து பிரித்துக் காட்ட ஆய்வகக் காமா நிறமாலைக் கருவி வேண்டும். அது அரசிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும்தான் இருக்கும்.

எனவே கேள்வி அளப்பதைவிட, அளந்ததை யார் அறிகிறார்கள் என்பதில் வந்து நிற்கிறது. ஃபுக்குஷிமா மாவட்டம் 2012 விளைச்சல் தொடங்கி 30 கிலோ நெல்லரிசி மூட்டை ஒவ்வொன்றையும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டைகளை, சோதித்து முடிவை வெளியிட்டது. முதல் ஆண்டில் வரம்பைத் தாண்டியவை 71. 2015 விளைச்சல் முதல் ஒன்றும் இல்லை. வதந்தியால் வீழ்ந்த உழவர்களைத் தூக்கி நிறுத்தியது இந்தப் பகிரங்கக் கணக்கே. சரக்கின் ஊரைச் சொன்னால் வீண் பீதி பரவும், வணிகம் கெடும் என்று அஞ்சும் வணிகருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

மலேசியாவிலும் பாடம் உண்டு. பேராக்கின் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்த மக்களுக்குத் துணை நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அன்று அதன் தலைவர் எஸ்.எம். முகம்மது இத்ரிஸ். 1984இல் ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா வந்து அளந்தபின்தான் ஊர்மக்களின் கையில் தங்களுக்கென்று ஓர் எண் இருந்தது. 1992இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 1994இல் ஆலையே மூடப்பட்டது.

சுகாதார அமைச்சு செய்ய வேண்டியவை சிலவே. நுழைவாயிலில் சோதித்த சரக்கின் பெயர், நாடு, தொகுதி எண், பெக்கரல் அளவு ஆகியவற்றை மாதந்தோறும் மலாயோடு தமிழிலும் சீனத்திலும் வெளியிட வேண்டும். வெளிநாட்டில் விபத்து நேரும்போது, எந்தச் சமூகம் எந்தச் சரக்கை மிகுதியாக உண்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப மசாலாவுக்கும் பருப்புக்கும் பால்மாவுக்கும் தனி வரம்பு வகுக்க வேண்டும். கடைக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள்: சாக்கில் கடைசிப் பிடி பருப்பு விற்றுத் தீரும்வரை அதன் சீட்டைப் பிய்த்து எறியாதீர்கள்.