கொதிகலன் ஆலையில் பட்டதாரிகள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவெறும்பூரை நீங்கள் கண்டிருக்கலாம். அங்குள்ள ‘பெல்’ உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை, செக்கோஸ்லோவாகிய நாட்டின் ஒத்துழைப்புடன் அமைக்கப்பட்டு, 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அருகே துவாக்குடியில் 1964-இல் தோன்றிய மண்டலப் பொறியியல் கல்லூரி, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று.

பட்டம் பெற்று ஆலையில் சேரும் பொறியாளர் முதலில் பயிற்சியாளரே. ஏட்டில் கொதிகலன் ஒரு படம். இங்கோ அது ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகள். மின் நிலையத்தில் நிறுத்தப்படும் 500 மெகாவாட் கொதிகலன், திருவரங்கத்து இராஜகோபுரத்தின் 72 மீட்டர் உயரத்தையும் மிஞ்சும். அதில் ஒரு குழாய் வெடித்தாலும் அந்த அலகையே நிறுத்த நேரிடும்.

இணைப்பைப் பற்றவைப்பவர் வெல்டர். அதைச் சரியென ஏற்றுக் கையெழுத்திடுபவர் சோதனைப் பிரிவின் பொறியாளர். கண்ணுக்குத் தெரியாத துளையை அவர் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தேடுகிறார். பின்னர், இயங்கும் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்தில் நீர்ச்சோதனை நடைபெறும். காற்றை ஏன் பயன்படுத்துவதில்லை? அமுக்கிய காற்று பேராற்றலைச் சேமித்து வைக்கும். கலன் பிளந்தால் குண்டுபோல் வெடிக்கும். நீரோ மிகச் சிறிதளவே அமுங்கும். பழுதிருந்தால் பெரும்பாலும் கசிவதோடு நின்றுவிடும்.

1975-இல் இங்கு பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. வெல்டரின் கைத்திறனும் ஆய்வுக்குரிய அறிவியலாயிற்று. ஆகவே, நல்ல பொறியாளர் வெல்டரிடமும் பாடம் கேட்கிறார்.

மாணவ நண்பர்களே, தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கினால் மகிழ்கிறோம். கொதிகலனிலோ விடுபட்ட அந்த ஒன்றே அனைத்தையும் நிறுத்திவிடும்.