செல்லிப்பட்டும் செல்போனும்



சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள செல்லிப்பட்டு எங்க ஊர். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் பேச்சு ஆங்கிலம் எப்படி வந்து சேர்ந்தது என்ற சிறு வரலாற்றை இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. இந்தியாவுடன் இணைவதற்கான வாக்கெடுப்பு வில்லியனூரை அடுத்த கீழூரில் அவ்வாண்டு அக்டோபர் 18-ல் நடந்தது. அதன்பின் மெல்ல மெல்ல ஆங்கிலம் வேலைக்கு வேண்டிய மொழியாயிற்று. ஆனால் படித்ததெல்லாம் எழுத்தில்தான். பரீட்சையில் எண்பது மார்க் வாங்கினவரும் வாய் திறக்க மாட்டார். ‘யாராவது சிரிச்சிடுவாங்களோ’ என்ற பயம்!

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அதே கீழூரிலும் ஒன்று வந்தது. கிராமத்தார் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். விவசாயத் தகவல், அரசுத் திட்டங்கள் எல்லாம் தமிழில் கிடைத்தன. ஆனால் அது நாலு பேர் கூடும் இடம். தனியாகப் பேசிப் பழக அங்கு வழியில்லை.

அந்தத் தனிமையைத் தந்தது செல்போன். 2003-ல் இன்கமிங் அழைப்பு இலவசமானதும் கிராமத்து வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது. 2008 வாக்கில் நம் கல்லூரியில் படித்தபோது, ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து, திரும்பக் கேட்போம். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பது நம் காதிலேயே உதைக்கும். திருத்தி மறுபடி பேசுவோம். வாத்தியார் சொல்லாமலே தன் தவறைத் தானே பிடிப்பதுதான் சுயமாகக் கற்பது.

வெளியுலகிலும் இதே காலத்தில் இம்முயற்சி நடந்தது. 2009-ல் பங்களாதேஷில் பி.பி.சி. தொடங்கிய ‘ஜனாலா’ திட்டத்தில் 3000 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் கேட்க முடிந்தது. அதே ஆண்டு இந்தியாவில் நோக்கியா, எஸ்.எம்.எஸ். மூலம் ஆங்கிலப் பாடம் அனுப்பியது. 2016-ல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது. இன்று செயலியே நம்மோடு பேசுகிறது.

இருந்தும் ஒரு குறை உண்டு. ஒரே போன் உள்ள வீட்டில் அது அண்ணன் கைக்குத்தான் முதலில் போகிறது, தங்கை காத்திருக்கிறாள். இன்டர்வியூவில் தன் கருத்தை எடுத்துச் சொல்ல, பொறுமையாகக் கேட்கும் மனிதக் காதும் தேவை.

ஆகவே மூத்த நண்பர்களே, வாரம் பத்து நிமிடம் ஒரு கிராமத்து மாணவியோடோ மாணவனோடோ போனில் ஆங்கிலம் பேசுங்கள். தம்பி, தங்கைகளே, தயங்காமல் கூப்பிடுங்கள். நாங்க சிரிக்க மாட்டோம்!