நெய்வேலியில் இடம் மாறிய கொம்பு

கம்மாபுரம், விருத்தாசலம், நெய்வேலி: கடலூர் மாவட்டத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் மூன்று ஊர்கள். தமிழ் தெரியாத பழைய மின்நூல் வாசிப்பான் ஒன்றில் இந்தப் பெயர்களை ஏற்றினால் முதல் இரண்டும் ஒருவாறு தப்பிவிடும். ‘பு’வும் ‘ரு’வும் மட்டும் பிய்ந்து நிற்கும். நெய்வேலியின் கதிதான் பரிதாபம். ‘ந’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய்விடும், ‘வே’யின் இரட்டைக்கொம்புக்கும் அதே கதி.

எழுத்துரு இல்லாதது மட்டுமே இதற்குக் காரணமல்ல. யூனிகோடு முறையில் கணினி முதலில் ‘ந’வையும் அதன் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னே இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள், வந்த வரிசையிலேயே கொட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக வெளியிட 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஆரம்பத்தில் கையாண்ட டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இந்தச் சிக்கலே இல்லை. அதில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பு முன்னால் வந்துவிடும்.

அமேசானின் கிண்டில் வாசிப்பான் 2007இல் வந்தது. தமிழ் நூல்களுக்கு அதன் கடை திறந்தது 2016 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தைத் தமிழர்கள் கைவைத்தியத்தால் கடந்தார்கள். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஒவ்வொரு நூலையும் இபப், மொபி என்ற மின்நூல் வடிவங்களில் வெளியிட்டதோடு நிற்கவில்லை. வாசிப்பான் திரைக்கென்றே 6 அங்குலப் பிடிஎஃப்பும் தந்தது. பிடிஎஃப்பில் எழுத்து வடிவம் உள்ளேயே பதிந்துவிடுவதால் கொம்பு அசையாது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது, பக்கத்தையே இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். வெள்ளெழுத்துக்காரர்களுக்கு அது தண்டனைதான்.

இன்றைய நிலைமை எவ்வளவோ தேவலை. கிண்டிலுக்குப் போட்டியான கோபோ வாசிப்பான் இபப் கோப்பை நேரடியாகத் திறக்கும். நமக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவை ஒரு கோப்புறையில் போட்டாலே எடுத்துக்கொள்ளும். எழுத்துரு சேர்க்கும் அந்த வசதியைக் கிண்டில் 2018இல்தான் தந்தது. அனுப்பும் இபப்பை ஏற்றுக்கொள்ள 2022 ஆயிற்று, அதையும் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் காட்டும். இரண்டிலும் நிறுவிக்கொள்ளக்கூடிய கோரீடர் என்ற கட்டற்ற வாசிப்பு மென்பொருளும் உண்டு. தமிழ் நூல்களை விலைக்கு வாங்கிப் படிப்பவருக்குக் கிண்டில், சொந்தக் கோப்புகளைக் குவித்து வைத்திருப்பவருக்குக் கோபோ என்பதே நியாயமான தீர்ப்பு.

எதை வாங்குவதானாலும், ‘நெய்வேலி’ என்று தட்டச்சிட்ட ஒரு கோப்பை முதலில் அதில் திறந்து பாருங்கள்.