கொல்லன் கடன்

நண்பர் ஒருவர் கல்யாணப் பரிசாகக் கொடுக்க அரிவாள் ஒன்று வேண்டுமென்றார், வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்காக. திருப்பாச்சேத்திப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டறை உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். "எந்தக் கைக்காரருடா?" என்றார். வலக்கையா இடக்கையா, ஆள் என்ன உயரம் என்று தெரியாமல் அவர் பிடி வைப்பதில்லை. என்னிடம் பதில் இல்லை. சுவருக்குக் கை ஏது?

கொல்லன் அடித்துக் கொடுப்பதைப் பரிசு என்று சொல்வது புதுப் பழக்கம். பழைய சொல் கடன். புறநானூறு 312இல் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை என ஐவருக்குக் காரியத்தைப் பங்கிடுகிறார். கொல்லன் பங்குக்கு வேல். ஐந்துக்கும் அவர் வைத்த பெயர் கடன்தான். 95ஆம் பாட்டில் அவ்வையார் தொண்டைமானின் ஆயுதங்களை வியப்பதுபோல் கேலி செய்கிறார். அவை நெய் பூசி, பீலி சூட்டிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ முனை ஒடிந்து கொல்லனிடம் கிடக்கின்றன. சுவரில் மாட்டிய இரும்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட முதல் விமர்சனம் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோரும் அவருக்குப் பின் அலெக்ஸாண்டர் ரீயும் தோண்டியபோது, செத்தவர்களோடு புதைத்த வாளும் ஈட்டியும் கிடைத்தன. அதுவும் கடன்தான், இறுதிக்கடன். சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசின் அறிக்கை சொன்னது. ஆண்டுக் கணக்கைப் பற்றி நிறையப் பேர் பெருமைப்பட்டார்கள். உலை ஊதியவனைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பழமையை நான் போற்றவில்லை. அப்பா காலத்தில் கொழுவுக்கும் மண்வெட்டிக்கும் காசு கிடையாது. அறுப்பு முடிந்தபின் களத்துமேட்டில் போய் நிற்க வேண்டும். அளந்து போடும் நெல்லுக்குப் பெயர் 'சுதந்திரம்'. அந்தச் சுதந்திரத்துக்காக அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அம்மா துருத்தி இழுத்தாள், அப்பாவுக்கு எதிரே நின்று சம்மட்டியும் போட்டாள். அவளுக்கென்று ஒரு மரக்கால் தனியாக விழுந்ததில்லை. கடன் என்ற சொல்லின் மறுபுறம் இது. கடமை ஒருவனுக்கென்றால், அளக்கிற கை இன்னொருவனுடையது.

இரும்பும் கை மாறிப் போயிருந்தது. கஞ்சமலையைச் சுற்றிக் கல்லை உருக்கிய உலைகள் சீமை இரும்பின் விலைக்கு முன் அணைந்தன. ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய ஆலையைக் கம்பெனி தந்த முன்பணமும் காப்பாற்றவில்லை. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் உலையில் காய்ந்ததெல்லாம் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டைதான்.

இன்று ஊரில் உழுவது டிராக்டர், அறுப்பது எந்திரம். அண்ணனிடம் தவறாமல் வருகிறவர்கள் கருப்பருக்கு நேர்ந்துகொண்டவர்கள். ஆளைவிட உயரமான அரிவாள், அடிப்பகுதியில் உளியால் கொத்திய பெயர். அதை எந்த மனிதக் கையும் வீசப்போவதில்லை. ஆனாலும் யாருக்கு என்பது தெரியும். நேர்த்திக்கடன் என்ற சொல்லில் அந்தப் பழைய வார்த்தை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கரிக்கடையில் அண்ணனுக்கு இருப்பதும் கடன்தான். கடமை, ஈமம், வேண்டுதல் என்று சுற்றிவந்த சொல் கடைசியில் பாக்கி நோட்டில் வந்து நிற்கிறது.

நண்பரின் அரிவாளை அண்ணன் மூன்று நாளில் முடித்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். அது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, களத்துமேட்டில் நிற்க வேண்டாமல்லவா. சாணை பிடிக்க உட்கார்ந்தபோது, "சுவத்துக்குத்தானே அண்ணே, இது எதுக்கு?" என்றேன்.

பதில் சொல்லாமல் பிடித்து முடித்தார். பிறகு முற்றத்தில் கிடந்த வேலிக்கருவைக் கட்டையை எடுத்து ஒரே வீச்சில் துண்டாக்கினார். வாயைத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"பாத்துக் கொண்டு போ தம்பி. கையக் கிழிச்சிரும்."